காலடியில் ஓர் இசைப் பலகை



கித்தார் கையால் மீட்டும் கருவி என்பது நாம் அறிந்ததே. ஆனால் கோயில் திருவிழாவிலோ திருமண வரவேற்பிலோ கித்தார் வாசிக்கும் இளைஞரைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். கை தந்திகளில் ஓடும்போது, கால் அவ்வப்போது தரையிலுள்ள சிறு பெட்டிகளை மிதித்துக்கொண்டிருக்கும். ஒன்றை மிதித்தால் கித்தார் உறுமுகிறது. மற்றொன்றை மிதித்தால் எதிரொலிக்கிறது. இந்தப் பெட்டிகளுக்குப் பெடல் என்று பெயர். பல பெடல்களை ஒரே இடத்தில் ஒழுங்காகப் பொருத்தி வைக்கும் பலகையே பெடல் பலகை. அதை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி என்பதுதான் நம் இன்றைய பேச்சு.

“இசைக்காரர்களுக்கு உரிய விஷயம், நமக்கெதற்கு?” என்று தாய்மார்கள் சிலர் கேட்கலாம். தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் இன்று மின்கித்தார் வாசிக்கிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பெடல்கள் வாங்குகிறார்கள். அவற்றைத் தரையில் பரப்பி, மின்சாரக் கம்பிகளை அங்குமிங்கும் இழுத்து வாசிக்கிறார்கள். இதில் பணமும் வீணாகலாம், உயிருக்கும் ஆபத்து வரலாம். ஆகவே வாசிக்கும் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பெடல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மின்கித்தாரின் உலோகத் தந்திகளுக்குக் கீழே, காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னலை பிறக்கிறது. அந்த அலை கேபிள் வழியாக ஒலிபெருக்கிக்குச் செல்கிறது. வழியிலே அதைப் பிடித்து உருமாற்றி அனுப்புவதே பெடலின் வேலை.

உறுமல் ஓசை தரும் பெடலை எடுத்துக்கொள்வோம். படியில் அரிசி அளக்கும்போது குவிந்து நிற்பதைக் கையால் வழித்துத் தலைதட்டுகிறோம் அல்லவா? அதுபோலவே இந்தப் பெடல் மின்னலையைப் பெரிதாக்கி, அளவுக்கு மேல் எழும் முகட்டைத் தட்டிவிடுகிறது. முகடு தட்டையான அலையே நம் காதில் உறுமலாக விழுகிறது. எதிரொலிப் பெடல் ஓசையைச் சற்று நேரம் பிடித்து வைத்து, பிறகு திருப்பிச் சொல்கிறது. கோரஸ் எனப்படும் பெடல், ஒரே கும்மிப் பாட்டைப் பத்துப் பெண்கள் சேர்ந்து பாடுவதுபோல ஒரு கித்தாரைப் பலவாகக் காட்டுகிறது. வாவா பெடலை மிதித்து அசைத்தால், வாயைத் திறந்து மூடி “வா, வா” என்று சொல்வதைப் போன்ற ஒலி எழும்.

இவற்றின் வரலாறு நீண்டதன்று. டிரான்சிஸ்டரைக் கொண்டு செய்த உறுமல் பெடல் 1962-இல் அமெரிக்காவில் மாஸ்ட்ரோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ என்ற பாடலில் அது ஒலித்த பிறகு உலகமே அதைத் தேடியது. 1977-இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் உள்ளங்கை அகலமுள்ள சிறு பெடல்களை வெளியிட்டது. பெடல்கள் பெருகியதும், அவற்றை எப்படி அடுக்குவது என்ற கேள்வி எழுந்தது. 1970-களில் இங்கிலாந்தில் பீட் கார்னிஷ் என்ற கைவினைஞர், பிங்க் ஃபுளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் போன்ற கலைஞர்களுக்கு அவரவர் தேவைக்கேற்ப பெடல் பலகைகளைச் செய்து கொடுத்தார். கடையில் ஆயத்தமாகவும் பலகைகள் இன்று கிடைக்கின்றன. ஆனால் நம் பெடல்களுக்கும் நம் பாதத்துக்கும் பொருந்தும் பலகையை நாமே செய்துகொள்ளலாம், செலவும் குறைவு.

வேலையைத் தொடங்குமுன் ரம்பத்தைத் தொடக்கூடாது. முதலில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்துத் தரையில் போடுங்கள். பெடல்களை அதன்மேல் அடுக்குங்கள். கேபிள்களையும் சொருகிப் பாருங்கள். நின்றுகொண்டு, வழக்கமாக அணியும் காலணியோடு ஒவ்வொன்றையும் மிதித்துப் பாருங்கள். ஒன்றை மிதிக்கும்போது பக்கத்துப் பெடலின் திருகு அசைகிறதா? அப்படியானால் இடைவெளி போதாது. அடிக்கடி மிதிப்பவை முன்வரிசைக்கு வரட்டும். எப்போதாவது மிதிப்பவை பின்வரிசைக்குப் போகட்டும். திருப்தியானதும் பென்சிலால் சுற்றி வரைந்துவிடுங்கள். அந்த அட்டைதான் நமது வரைபடம்.

பெடல்களை எந்த வரிசையில் இணைப்பது என்பதும் முக்கியம். பொதுவான முறை இது: கித்தாரிலிருந்து வரும் கேபிள் முதலில் சுருதி பார்க்கும் கருவிக்குச் செல்லும். அடுத்து வாவா, அதற்கடுத்து உறுமல், பின் கோரஸ் போன்றவை, கடைசியில் எதிரொலி. எதிரொலியை உறுமலுக்கு முன்னால் வைத்தால், திரும்பி வரும் ஓசைகளும் சேர்ந்து தலைதட்டப்பட்டு ஒன்றோடொன்று குழம்பிவிடும். பின்னால் வைத்தால் உறுமிய ஓசையே தெளிவாகத் திரும்பி ஒலிக்கும். இது கட்டாய விதியன்று. வேண்டுமென்றே மாற்றி வைப்பவர்களும் உண்டு. ஆயினும் முதலில் பொது முறையைக் கற்று, பிறகு மாற்றிப் பார்ப்பதே நல்லது.

இனி மரம். நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்வெட்டிய ரப்பர் மரத்தை இங்கே நினைவுகூர வேண்டும். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரத்தை வெட்டி விறகாக எரித்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் அந்த மரமே மலேசியாவின் மேசை நாற்காலித் தொழிலுக்கு முதன்மையான மூலப்பொருளாயிற்று. வெளிர்நிறம், நல்ல உறுதி, திருகாணியை இறுகப் பிடிக்கும் குணம் ஆகியவை அதற்கு உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை: புதிதாக வெட்டிய ரப்பர் மரத்தை அப்படியே பயன்படுத்தக்கூடாது. அதிலுள்ள மாவுச்சத்தை நாடிப் பூஞ்சையும் மரத்துளைப்பான் வண்டும் விரைவில் வந்துவிடும். மருந்தூட்டி, சூளையில் உலர்த்திய பலகையே நமக்கு ஏற்றது. உடைந்த பழைய ரப்பர் மர மேசை கிடைத்தால் அதன் பலகை போதும். இல்லாவிட்டால் பிளைவுட் வாங்கிக்கொள்ளலாம்.

உரமும் களைக்கொல்லியும் அடுக்கி வைத்திருந்த மரத்தட்டுகளை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படக்கூடாது. சிந்திய மருந்து மரத்தில் ஊறியிருக்கும். அறுத்தால் அந்தத் தூளை நாம் சுவாசிப்போம். பிள்ளைகள் தொடும் பொருளுக்கு அந்த மரம் வேண்டவே வேண்டாம்.

இப்போது அளவுகள். பரவலாகப் பயன்படும் பாஸ் வகைப் பெடல் ஒன்றின் அகலம் 73 மில்லிமீட்டர், நீளம் 129 மில்லிமீட்டர். ஒரு வரிசையில் 4 பெடல்கள் வைத்தால் அவற்றின் அகலம் 292. இடையிலுள்ள 3 இடைவெளிகளில் கேபிள் முனைகள் வரவேண்டும். இடைவெளி ஒன்றுக்கு 30 வீதம் 90. இரு ஓரங்களிலும் 34 வீதம் 68. கூட்டினால் 450 மில்லிமீட்டர். இதுவே பலகையின் அகலம். பெடலின் அளவு வேறானால் இதே முறையில் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒரே பெரிய பலகையாகச் செய்யாமல், சன்னல் சட்டங்களைப்போல 4 சட்டங்களாகச் செய்வது சிறந்தது. கனம் குறையும், இடைவெளிகள் வழியாகக் கேபிள்களைக் கீழே விட்டுவிடலாம். 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகையில் 450 நீளமும் 70 அகலமும் உள்ள 4 சட்டங்களை அறுத்துக்கொள்ளுங்கள். சட்டங்களுக்கிடையே 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், முன்னிருந்து பின்வரை 340 மில்லிமீட்டர் ஆகும். முன்வரிசைப் பெடல்கள் முதலிரண்டு சட்டங்களிலும், பின்வரிசைப் பெடல்கள் அடுத்த இரண்டிலும் அமரும்.

பின்வரிசை சற்று உயர்ந்திருந்தால்தான் கால் எட்டும். அதற்குச் சாய்வான இரு பக்கப் பலகைகள் வேண்டும். 18 மில்லிமீட்டர் தடிப்பில், 340 நீளமும் 120 உயரமும் உள்ள ஒரே துண்டை எடுங்கள். ஒரு முனையில் கீழிருந்து 30, மறு முனையில் கீழிருந்து 90 என்று குறித்து, இரு குறிகளையும் கோடிட்டு இணையுங்கள். அந்தக் கோட்டின் வழியே அறுத்தால், முன்புறம் 30, பின்புறம் 90 உயரமுள்ள இரு பக்கங்களும் கிடைத்துவிடும். ஒரே வெட்டில் இரண்டு துண்டுகள், மரமும் வீணாகாது. சாய்வு ஏறக்குறைய 10 பாகை இருக்கும்.

சட்டங்களைப் பக்கங்களின் சாய்ந்த விளிம்பில் வைத்துத் திருகுங்கள். சட்டத்தின் ஒவ்வொரு முனைக்கும் 2 திருகாணிகள் வீதம் 16 வேண்டும். 30 மில்லிமீட்டர் நீளமும் 4 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள திருகாணிகள் பொருத்தமானவை. முதலில் 2.5 மில்லிமீட்டர் துளையிட்டுக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் பலகை பிளந்துவிடும். பின்புறம் ஆடாமலிருக்க, பக்கங்களுக்கிடையே 414 மில்லிமீட்டர் நீளத்தில் 18 தடிப்புள்ள ஒரு குறுக்குப் பலகை வைத்து, இருபுறமும் 40 மில்லிமீட்டர் திருகாணிகளால் இறுக்குங்கள். பிறகு உப்புத்தாளால் தேய்த்து, இருமுறை வார்னிஷ் அடித்து, அடியில் ரப்பர்ப் பாதங்கள் பொருத்துங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

பெடல்கள் நழுவாமலிருக்க வெல்க்ரோ என்னும் ஒட்டு நாடாவைப் பயன்படுத்தலாம். இது பிறந்த கதை சுவையானது. 1941-இல் ஜார்ஜ் தெ மெஸ்திரால் என்ற சுவிஸ் பொறியாளர், காட்டில் நடந்தபோது தம் உடையிலும் நாயின் உடலிலும் ஒட்டிய முட்காய்களை உருப்பெருக்கியில் பார்த்தார். முள்ளின் முனையில் சிறு கொக்கிகள் இருந்தன. நம் வேட்டியில் நாயுருவி ஒட்டுவதும் அப்படித்தான். அதைப் பார்த்தே ஒரு பக்கம் கொக்கியும் மறுபக்கம் வளையமுமாக நாடாவை உருவாக்கினார். மென்மையான வளையப் பக்கத்தைப் பலகையிலும், சொரசொரப்பான கொக்கிப் பக்கத்தைப் பெடலின் அடியிலும் ஒட்டுவது வழக்கம். நாடா சரியாக ஒட்டாத பெடல்களுக்கு வேறொரு வழி உண்டு. பழைய சைக்கிள் சங்கிலியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, அதன் தகடுகளைத் தனித்தனியே எடுங்கள். தகட்டின் ஒரு துளை பெடலின் அடித்தகட்டுத் திருகாணிக்கு, மறு துளை பலகைத் திருகாணிக்கு. பெடல் அசையாது.

அடுத்து, பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சிறு கேபிள்கள். பக்கத்துப் பக்கத்துப் பெடல்களுக்கு 15 சென்டிமீட்டர் நீளமே போதும். நீளமான கேபிளைச் சுருட்டி வைத்தால் இடமும் அடைக்கும், ஓசையின் கூர்மையும் மங்கும். கித்தார் கேபிளில் நடுவே ஒரு கம்பியும், அதைச் சுற்றி வலைபோன்ற கவசமும் இருக்கும். நடுக்கம்பியை முனையின் நுனிப்பகுதிக்கும், கவசத்தை உடற்பகுதிக்கும் ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும் முன் முனையின் மூடியைக் கேபிளில் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு கோக்க முடியாது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஓசையே வராது. மல்டிமீட்டரால் சோதித்து, நுனியோடு நுனியும் உடலோடு உடலும் மட்டுமே இணைந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். பற்றவைப்புக்கான ஈயக் கலவையின் புகையைச் சுவாசிக்காமல், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். சிறு குழந்தைகள் அருகில் இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.

நேயர்களே, இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. அதுதான் மின்சாரம். பெரும்பாலான பெடல்களுக்குத் தேவை 9 வோல்ட் நேர்மின்சாரம். நம் வீட்டுச் சுவரில் வருவதோ 230 வோல்ட் மாறுமின்சாரம். இடையில் அதை மாற்றித் தருவது அடாப்டர். அந்த அடாப்டரைக் கடையில் முழுமையாக வாங்குங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பலகைக்குள் மறைத்து வைக்கலாம் என்று அதைப் பிரிப்பதோ, 230 வோல்ட் கம்பியை அறுத்து நீட்டுவதோ, மரச்சட்டத்தில் பிளக் பாயிண்ட் பொருத்துவதோ கூடவே கூடாது. மரவேலையும் கேபிள் வேலையும் நம்முடையவை. சுவர் மின்சார வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. இந்த எல்லையைத் தாண்டக்கூடாது.

அடாப்டரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது வோல்ட். பெடலில் 9 என்று இருந்தால் அடாப்டரும் 9 தான். இரண்டாவது துருவம். பல பெடல்களில் சொருகு முனையின் நடுப்பகுதி கழித்தல், வெளிப்பகுதி கூட்டல். வீட்டிலுள்ள வேறு பல அடாப்டர்களில் இது நேர்மாறாக இருக்கும். மாற்றிச் சொருகினால் சில பெடல்கள் அந்த நொடியே கருகிவிடும். பெடலிலும் அடாப்டரிலும் வட்டம் வரைந்த ஒரு சிறு படம் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது மின்னோட்டத்தின் அளவு. எடுத்துக்காட்டாக, உறுமலுக்கு 10, கோரஸுக்கு 20, சுருதிக் கருவிக்கு 30, எதிரொலிக்கு 65 மில்லியம்பியர் என்று எழுதியிருந்தால் மொத்தம் 125. அடாப்டர் 250-க்குக் குறையாமல் இருந்தால் சூடேறாமல் உழைக்கும். கூடுதலாக இருந்தால் தீங்கில்லை. பெடல் தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

ஓர் அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்குக் கிளை பிரிக்கும் கேபிள் மலிவானது. ஆனால் உறுமல் பெடலும் இலக்கமுறை எதிரொலிப் பெடலும் ஒரே கிளையில் இருந்தால் சில வேளை “ங்” என்ற இரைச்சல் கேட்கும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியே பிரித்துத் தரும் மின்பெட்டியை வாங்கினால் அது தீரும். பணம் சேரும்வரை, இரைச்சல் தரும் பெடலை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாம். பல பெடல்களில் உள்ளீட்டுக் கேபிள் சொருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மின்கம்பிகளைப் பலகையின் ஒரு பக்கமும் ஒலிக் கேபிள்களை மறுபக்கமும் கட்டுங்கள்.

1972 மே 3-ஆம் நாள், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் மேடையில் நின்றபடி, நிலத்தொடர்பு சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டார். மின்சாரம் பாய்ந்து அங்கேயே உயிரிழந்தார். கித்தாரின் தந்திகள் கேபிளின் கவசம் வழியாக ஒலிபெருக்கியின் நிலக்கம்பியோடு இணைந்திருக்கின்றன. ஒரு கை தந்தியிலும், மறு கையோ உதடோ பழுதான ஒலிவாங்கியிலும் பட்டால், நம் உடலே கம்பியாகிவிடும். ஆகவே மூன்று முனை பிளக்கின் மேல்முனையை உடைப்பதோ, குச்சி செருகி இரண்டு முனை பிளக்கை நுழைப்பதோ வேண்டாம். ஈரத் தரையில், வெறுங்காலோடு வாசிக்க வேண்டாம். திருவிழாப் பந்தலில் மழை தூறினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பாட்டு பாதியில் நின்றால் குற்றமில்லை. வீட்டு மின்பெட்டியிலுள்ள கசிவு தடுப்பானின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விசை விழ வேண்டும். விழாவிட்டால் மின்பணியாளரை அழையுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பலகையைச் செய்யும் பிள்ளை அளக்கிறான், கூட்டுகிறான், அறுக்கிறான், பற்றவைக்கிறான், பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். பெண்பிள்ளைகளும் இதைச் செய்யலாம், செய்யவேண்டும். தச்சு, மின்னியல், ஒலியமைப்பு என்று பல தொழில்களின் அரிச்சுவடி இதில் அடங்கியிருக்கிறது. பிள்ளைக்கு இதில் கை ஓடுகிறது என்று கண்டால், தொழிற்பயிற்சிக் கழகங்களில் சேர்ந்து எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழியை விசாரித்து வையுங்கள். “பாட்டும் கூத்தும் சோறு போடுமா?” என்று கடிந்து அனுப்பிவிடுவது எளிது. பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையில் பலகையைப் பிடித்துக்கொடுத்தால், அது சோறு போடும் தொழிலாகவும் மாறக்கூடும்.

இளைஞர்களே, அடுத்த பெடல் வாங்குவதற்கு முன்பு, உள்ளவற்றுக்கு ஒரு நல்ல பலகை செய்யுங்கள். அட்டையில் தொடங்குங்கள், அளவில் கவனம் வையுங்கள், சுவர் மின்சாரத்தை விட்டு விலகியிருங்கள். வேலை முடிந்ததும் வீட்டாரை அழைத்து உட்கார வைத்து ஒரு பாட்டு வாசித்துக் காட்டுங்கள்.